முட்டைப் பெட்டி பன்னிரண்டுக்குத்தான்

பிப்ரவரி. ஆர்க்னித் தீவு, ஸ்ட்ராம்னெஸ் துறை.
மதியக் கப்பலைக் காற்று கட்டிப்போட்டுவிட்டது.
கிழிக்க டிக்கெட் இல்லாத கைகளோடு
தேவாலயக் கூடத்துக்குப் போகிறேன்.
வருடத்தில் ஒரே ஒரு சனிக்கிழமை
அங்கே விதைக்கிழங்கு வரும்.

நீள மேசைகள், மரத்தட்டுகள்,
தட்டுக்கு ஒரு ரகம், ரகத்துக்கு ஓர் அட்டை.
எடைக்கு இல்லை, எண்ணிக்கைக்கு:
ஒன்று முப்பது பென்ஸ்.
காகிதப் பையும் கட்டைப் பென்சிலும் வாசலில் தருவார்கள்.
மற்றதெல்லாம் உன் கண், கிழங்கின் கண்.

என் தோட்டம்
இரண்டு கட்டிலை ஒட்டிப்போட்ட அகலம்.
மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு குழி.
பதின்மூன்றாவதற்கு மண் இல்லை.
ஆகவே பார்த்து எடுக்க வேண்டும்.

போன வருடம் பார்க்கவில்லை.
சூப்புக்கு வாங்கியது அலமாரி இருட்டில்
விரல் நீளம் முளைத்துக் கிடந்தது, வெள்ளை வெளேரென்று.
காசில்லாமல் கிடைத்த விதை என்று புதைத்தேன்.
ஜூலை முழுக்க நல்ல பச்சை.
ஆகஸ்டில் நான்கு நாள் புழுக்கம், தூறல்,
இலையில் ஒரு பழுப்புப் பொட்டு,
திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளைப் பூஞ்சணம்.
ஞாயிறன்று பிடுங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.
வெள்ளிக்கிழமையே அது சுவர் ஏறிவிட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் எர்லெண்ட் ரெண்டல்,
சால்மன் பண்ணைப் படகில் வேலை செய்பவன்,
என் மகனைவிடச் சின்னவன்.
அவனுடைய அறுபது செடியும்
ஒரே வாரத்தில் கறுத்துச் சாய்ந்தன.
மண்ணுக்குள் கூழ். தெருவெல்லாம் நாற்றம்.
என்னிடமிருந்துதான் போயிற்றா, காற்று கொண்டுவந்ததா,
யாராலும் சொல்ல முடியாது.
அவன் திட்டவில்லை.
திட்டியிருந்தால் இதைச் சொல்லியிருப்பேன்.
தலையசைப்பதை நிறுத்திக்கொண்டான், அவ்வளவுதான்.

ஷார்ப்ஸ் எக்ஸ்பிரஸ் நான்கு எடுத்தேன்.
பெயரில்தான் ரயில். ஜூலை வரை காத்திருக்க வேண்டும்.
கெர்ஸ் பிங்க் நான்கு,
வெந்ததும் தோல் வெடித்து மாவாய்ச் சிரிக்கும் என்பதற்காக.
சார்ப்போ மீரா நான்கு,
கருகலைத் தாங்கும் என்று அட்டை சொல்கிறது.
சுவைக்காக இல்லை, சுவருக்காக.

கோழிமுட்டை அளவு போதும்.
முளை குட்டையாக, தடியாக,
வெளிச்சம் பார்த்து நிறம் ஏறியிருக்க வேண்டும்.
இருட்டில் நீண்டதைத் தொடக்கூடாது என்று
இப்போது தெரியும் எனக்கு.
கடைசிக் கெர்ஸ் பிங்க்கைப் பையில் போடுகிறேன்,
ஒரு கை குறுக்கே வருகிறது.
உப்பில் வெடித்த விரல்கள்.
பைக்குள் போய் அதை வெளியே எடுத்து
அடியில் கட்டைவிரலை அழுத்துகிறது.
தோல் உள்ளே அமுங்குகிறது.
நான் கண்டேனா, மேலே கண் பார்த்தவள் கீழே பார்க்கவில்லை.
அதைத் தனியே வைத்துவிட்டு, வேறொன்றை அழுத்திப் பார்த்து,
பையில் போட்டுவிட்டு
எர்லெண்ட் அடுத்த மேசைக்குப் போய்விட்டான்,
என் முகத்தைப் பார்க்காமலே.

"எத்தனை, தோரா?" என்றாள் காசுப்பெட்டிக்காரி இங்கிரித்.
பன்னிரண்டு என்றேன். எண்ணவில்லை அவள்.
இந்த ஊரில் எண்ணினால் அவமானம்.

வீட்டில் சமையலறை ஜன்னலோரம்
முட்டைப் பெட்டியைத் திறந்து
கண் அதிகமுள்ள முனை மேலே இருக்க
ஒவ்வொன்றாய் உட்காரவைத்தேன்.
பன்னிரண்டு குழியும் நிரம்பியது.
பை இன்னும் கனக்கிறது.

கரி போல ஒன்று, ஊதா ஓடிய கறுப்பு.
நான் நின்ற எந்தத் தட்டிலும் அது இல்லை.
ஷெட்லாண்ட் பிளாக்.
அவன் வேறெதுவும் நடுவதில்லை.
கைதவறி விழுந்திருக்கலாம்.
விழுந்ததை எடுக்க மறந்திருக்கலாம்.
காது உடைந்த டீக்கோப்பையில் வைத்தேன், தனியாக.
இரவு இரண்டு முறை எழுந்து பார்த்தேன்,
என்னவோ அதற்குள் முளைத்துவிடும் என்பதைப் போல.

காலையில் அவன் படகுக்குக் கிளம்பும் நேரம்
சுவரோரம் போய் நின்றேன்.
மன்னிப்புக்கு ஒரு வாக்கியம் தயாராக இருந்தது.
வாயில் வந்ததோ,
"நேற்று எத்தனை வாங்கினாய்?"

பூட்ஸ் நாடாவை இழுத்துக் கட்டினான்,
முதலில் இடது கால், பிறகு வலது.

"ஐம்பத்தொன்பது," என்றான்.