நெலமங்கலா வரை

மூன்று முறை கிளம்பினோம் லடாக்குக்கு.
மூன்று முறையும் நெலமங்கலா டோல்கேட் கண்ணில் பட்டதோடு சரி.

கோரகுண்டேபாளையா சிக்னலில்
லாரிக்கும் பி.எம்.டி.சி பஸ்ஸுக்கும் நடுவே
முக்கால் மணி நேரம் நின்றாலும்
முள் பாதியிலேயே படுத்திருக்கும்.
பீன்யா மேம்பாலம் ஏறி, ரோடு திறந்து,
சவரி ஐந்தாவது கியருக்குப் போனதும்
எழுந்துகொள்ளும்.
பிறகு சிவப்புக்கோடு.

ஹீட்டரைப் போடு என்பான்.
ஏப்ரல் மாதம், மதியம் ஒன்றரை மணி.
எஞ்சினின் காய்ச்சலை முகத்தில் வாங்கிக்கொண்டு
இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருப்போம்.
முதுகுக்குப் பின்னால் எங்கள் வீடு:
மடக்குக் கட்டில், ஒற்றை அடுப்பு,
கொக்கியில் இரண்டு டம்ளர்.

பீன்யாவில் ஒருவர் தெர்மோஸ்டாட் என்றார். மாற்றினோம்.
யஷ்வந்தபூரில் ரேடியேட்டரை இறக்கிக்
கம்பி விட்டுக் குத்தினார்கள்,
ஒரு வாளி துருச்சேறு வந்தது.
அதைப் பார்த்ததில் கொஞ்சம் திருப்தி. அவ்வளவுதான்.
மூன்றாமவர் டிப்ஸ்டிக்கை உருவி மோந்துவிட்டு
"ஹெட் கேஸ்கெட்" என்றார்,
வீட்டில் பெரியவங்க யாராவது இருக்காங்களா
என்று கேட்கும் குரலில்.
எண்பதாயிரம் ஆகுமாம்.
ஆயில் பால் நிறத்தில் இல்லையே என்று கேட்டது நான்.
அவர் பதில் சொன்னது சவரியிடம்.

அன்றிரவு
வண்டியை விற்றுவிடலாம் என்று சவரி சொல்லவில்லை.
இதே மாடல் என்ன விலைக்குப் போகிறது என்று
போனின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துப்
பார்த்துக்கொண்டிருந்தான்.
நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்,
அல்லது அவன் நினைத்தான்.

கலாசிபாளையத்தில் நயாஸ் பாய் எதையும் கழற்றவில்லை.
"நிக்கிறப்போ சூடா, ஓடுறப்போ சூடா?"
ஓடுறப்போ.
"அப்போ ஃபேனை விட்டுருங்க."
சவரியை ஆக்சிலரேட்டரில் உட்காரவைத்தார்.
டார்ச்சை என் கையில் கொடுத்தார்.
"அடியில இருக்கே, அந்த ஹோஸ். அதை மட்டும் பாருங்கம்மா.
என்னைப் பாக்காதீங்க."

சும்மா ஓடும்போது அது வெறும் கறுப்பு ரப்பர்.
வெடிப்பில்லை, கசிவில்லை,
நானே எத்தனை தடவை தடவிப் பார்த்திருப்பேன்.
எஞ்சினின் குரல் ஏற ஏற
எதையோ நினைத்துக்கொண்டதுபோல்
ஒடுங்கத் தொடங்கியது.
கடைசி வாய் இளநீரை உறிஞ்சும்போது
காகிதக் குழல் ஒட்டிக்கொள்ளுமே, அப்படி.
தண்ணீர் வேண்டுமென்று பம்ப் இழுக்க இழுக்கத்
தண்ணீர் வரும் வழிதான் மூடிக்கொண்டது.
சவரி காலை எடுத்தான்.
உடனே பழைய உருவம்,
ஒன்றுமே நடக்காத முகம்.

இன்னொரு தடவை மிதி என்று கத்தினேன்.
தேவையே இல்லை. எனக்கு ஆசையாக இருந்தது.

"நிறுத்திவெச்சுப் பாத்தா யாருக்கும் தெரியாது"
என்றார் நயாஸ் பாய், மூன்றாமவருக்காகப் பேசுவதுபோல்.

உள்ளே சுருள்கம்பி வைத்த புது ஹோஸ், இரண்டு கிளாம்ப்,
எழுநூற்று இருபது ரூபாய்.
ரேடியேட்டர் மூடியைத் திறந்தே ஓடவிட்டு,
பச்சைத் தண்ணீரில் குமிழ்கள் நிற்கும்வரை
மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.
கூலி எவ்வளவு என்றதற்கு
டீக்கடைப் பக்கம் கையைக் காட்டினார்.

ஞாயிறு காலை, நான்காவது முறை.
பீன்யா மேம்பாலத்தில் எண்பது.
முள் பாதி.
மாதாவரா தாண்டியும் பாதி.
சவரியின் கை இரண்டு தரம்
ஹீட்டர் பட்டன்வரை போய்த் திரும்பியது.
பழைய ஹோஸ் என் மடியில்.
அழுத்திப் பார்த்தேன், விட்டேன், அழுத்திப் பார்த்தேன்.

டோல்கேட்டில் பீப் ஒலித்தது. தடுப்பு உயர்ந்தது.
பின்னாலிருந்து ஹாரன்.

"இப்போ எங்க?" என்றான்.
இதற்கு அப்பால் எந்த ரோடு என்று
நாங்கள் பார்த்து வைத்திருக்கவே இல்லை.