பதின்மூன்றாம் அதிகாரம்

அம்பாறைக் கச்சேரி, காணிப் பிரிவு.
தமிழில் வரும் முறைப்பாட்டைச் சிங்களத்தில்
இறக்கிவைப்பது என் வேலை.
அழுகைக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. விட்டுவிடுவேன்.

இன்றைக்கு இரண்டு கோப்பு, ஒரே வட்டை.
வன இலாகா நட்ட கல்
இரண்டு பேரின் வேளாண்மைக்குள்ளும் நிற்கிறது.

திருக்கோவில் பியூலா அருள்நேசம்
ஐம்பத்தெட்டாம் ஆண்டு உறுதியைப்
பொலித்தீன் உறையிலிருந்து எடுக்கிறார்.
வழக்குப் போடாதே என்று சொல்ல
அவருடைய போதகர் ரோமருக்கான நிருபத்தைத் திறந்தாராம்:
ஆளுகிறவனை ஏற்படுத்தியவர் ஆண்டவரே,
அதிகாரம் பதின்மூன்று.

"ஐயா, கிராம சேவகர் தொடங்கி
அதிரடிப்படை முகாம் வரைக்கும்
நான் ஏறி இறங்கின அதிகாரம் பன்னிரண்டு.
பதின்மூன்றாவதை நீங்கள் வாசிக்கிறீர்களா?"

மனுவின் ஓரத்தில் பென்சிலால் இன்னொன்று:
கீரைப் பாத்தி போட ஒரு ராசா
பக்கத்து முந்திரிகைத் தோட்டத்தைக் கேட்டான்.
முதுசம், தரமாட்டேன் என்றவனைக்
கல்லெறிந்து கொன்றார்கள்,
முத்திரை வைத்த கடிதத்தின்படி.
(அந்த ராசாவையும் ஆண்டவர்தானே ஏற்படுத்தினார்?
அப்படியானால் அவனைக் கேள்வி கேட்க
ஆள் அனுப்பியது யார்?)
அடைப்புக்குறி அவருடையது. நான் சேர்க்கவில்லை.

அக்கரைப்பற்று உதுமாலெவ்வையின் பெர்மிட்டைக்
கடல் கொண்டுபோனது. கையில் இருப்பது
நகலின் நகல்.
பள்ளியில் அவருக்கும் ஓர் ஆயத்து ஓதிக் காட்டினார்கள்,
அதிகாரமுள்ளோருக்கும் கட்டுப்படு என்று.
"கட்டுப்படு எண்ட சொல்லு அதில ரெண்டு தரம்தான் வருது, மகள்.
அல்லாஹ்வுக்கு ஒண்டு, றசூலுக்கு ஒண்டு.
அதிகாரிக்கெண்டு தனியா இல்ல.
அவர் தொத்திக்கிட்டு வாறார்.
இறக்கிவிட வேண்டிய இடத்தில இறக்கிவிடலாம்."

செத்துக் கிடந்த மண்ணை
எழுப்பினவனுக்கே அது சொந்தம் என்றார்.
ஒரு சாண் அபகரித்தாலும் மறுமையில்
ஏழு பூமியும் கழுத்தில் வளையமாய் விழும் என்றார்.
இதையும் எழுதுங்க.

எழுதினேன். உத்தியோகத்தர் வாசித்துவிட்டு
எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்றார்.
பிறகு, கொஞ்சம் தணிந்து: மேலிடத்து உத்தரவு.
அந்தச் சொல்லைத் தமிழில் நான் சொன்னதும்
இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.
மின்விசிறி சுற்றியது.

உரிமைக்கான ஆதாரம் என்ற கட்டத்தில்
உறுதி, நகல் என்று நிரப்பினேன்.
"மனிசராப் பிறந்ததால" என்று பியூலா சொன்னது
கோட்டைத் தாண்டி வழிந்தது. வெட்டிவிட்டேன்.
வெட்டியது இரவில் திரும்பி வரும்.

மூன்றரை பஸ்ஸுக்கு மூவரும் நின்றோம்.
வெயில் இன்னும் இறங்கவில்லை.
"ஏழு பூமி எண்டீங்களே காக்கா,
போன பெரும்போகத்தில என்ட வரம்பில
நீங்க வெட்டின சாண்?"

அவர் தொப்பியைக் கழற்றித் தூசி தட்டினார்.
"அது வாய்க்கால் பக்கமா தானாச் சரிஞ்சது, பிள்ளை."

"ராசாவும் கீரைக்குத்தானே கேட்டான்."

பஸ் வந்தது. இருந்த ஒரே இருக்கையில்
அவர் பையை வைத்தார், பிறகு எடுத்தார்.
சாகாமம் தாண்டியும் அந்த வரம்பு முடியவில்லை.
மொழிபெயர்க்க என்னை யாரும் கேட்கவில்லை.