பதினேழு எச்சரிக்கை, பிழை இல்லை

தோட்டப்பாளையம், ஜெராக்ஸ் கடை மாடி.
மே மாதம். சுவரில் கை வைத்தால்
எடு என்கிறது சுவர்.
பார்வையற்ற பிள்ளைகள் கேட்டுப் படிக்க
தேவகிருபை அறிவியல் பாடம் வாசிக்கிறாள்.
கூடவே மின்விசிறியும் வாசிக்கிறது.
ஒருநாள் நிறுத்திப் பார்த்தோம்.
மூன்றாம் பக்கத்தில் அவள் வியர்வை சொட்டி
'அமிலம்' இருந்த இடத்தில் தாள் உப்பிக்கொண்டது.

இரைச்சலை மட்டும் உறிஞ்சும் பிளக்-இன் ஒன்று உண்டாம்.
தயாராகக் கிடைப்பது புது மெஷின்களுக்கு.
என் லேப்டாப் காட்பாடியில் மூன்று கை மாறி வந்தது.
அதற்கு மூலத்திலிருந்துதான் கட்டவேண்டும்.

மூலம்.
பாலாற்றுக்கும் இருக்கிறது, நந்தி மலையில்.
எங்கள் பாலத்துக்கு வந்து சேர்வது
மணலும், மணல் அள்ளிய பள்ளமும்.
இது பரவாயில்லை, முழுதாக வந்தது,
ஜன்னல் கம்பியில் போனைக் கட்டித் தொங்கவிட்டு
ஹாட்ஸ்பாட்டில் நாற்பது எம்பி.

'முதலில் என்னைப் படி' என்றது ஒரு கோப்பு.
மூன்றே வரி.
ஃபோல்டர் உண்டாக்கு. உள்ளே போ. கட்டு.
நேரா வந்தா நம்ம வீடுதான்
என்று வழி சொல்கிறவனின் கைவண்ணம்.
எந்த ஊரிலிருந்து நேராக?

கட்டு என்றேன்.
ஒரு நூலகம் இல்லை என்றது.
அதைக் கொண்டுவந்தால் அதற்கு இன்னொன்று,
அந்த இன்னொன்றுக்குப் பழைய பதிப்பு,
பழையதோ புதியது இருக்கும் வீட்டில் கால் வைக்காது,
மொய் தகராறு வந்த சம்பந்திகள் மாதிரி.
ஆஸ்பத்திரி கவுண்டரில் கொல்கத்தாக்காரர் ஒருவர்
கையில் காகிதங்களோடு என்னிடம் கேட்டது ஞாபகம் வந்தது:
பணம் கட்ட கார்டு, கார்டுக்குச் சீட்டு,
சீட்டுக்குப் பணம். முதலில் எது, தீதி?
அன்று எனக்குத் தெரியவில்லை.

பதினொன்றரைக்கு ஷட்டரை இறக்கிய அத்தாவுல்லா பாய்
'இன்னும் தூங்கலியாம்மா' என்றார் கீழிருந்து,
பதிலுக்கு நிற்காமல் டிவிஎஸ்ஸை உதைத்தார்.

இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியில் சிக்கியது.
அங்கே ஒரு பெயர்.
நான்கு வருஷம் முன்பே மாற்றிவிட்டார்கள் அதை.
நிரல் மட்டும் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது,
கல்யாணமாகிப் போனவளைப்
பழைய இனிஷியலில் கூப்பிடும் ரேஷன் கார்டு போல.
திருத்தினேன். ஒரு சொல்.
அதற்கு இரண்டு மணி நேரம், ஒரு சொம்புத் தண்ணீர்,
யார் மேலென்று தெரியாத கோபம்.

பிறகு ஓடியது. நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு சதவீதம்...
அறுபத்தெட்டில் கரண்ட் போனது.
விசிறி மூன்று சுற்று கடனுக்குச் சுற்றி நின்றது.
பேட்டரி பதினொன்று.
இருட்டில் ஒரு எண் ஏற, ஒரு எண் இறங்க,
லேப்டாப்புக்குள் ஒரு குட்டி விசிறி இருப்பது
அன்றுதான் காதில் விழுந்தது.

நூறு. பேட்டரி மூன்று.
பதினேழு எச்சரிக்கை, பிழை இல்லை.
எச்சரிக்கைகளை நான் படிக்கவில்லை.
யார் படிக்கிறார்கள்?

மெனுவின் கடைசியில், எல்லாவற்றுக்கும் கீழே,
கூச்சப்பட்டு நின்றது புதுப் பெயர்.
அழுத்தினால் முதல் கேள்வி:
இரைச்சலை மட்டும் கொடு, பத்து நொடி.

தெரு அடங்கியிருக்கிறது. கோட்டை அகழிப் பக்கம்
ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.
இத்தனை நாள் கேட்ட நிசப்தம்
வேண்டாத வேளையில் மாடி ஏறி வந்திருக்கிறது.
லேப்டாப் அணைந்தது.
மூன்றேகால் வரை விசிறிக்காகக் காத்திருந்தேன்,
அதைத் தொலைத்துக்கட்டுவதற்காக.

வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு
பத்து நொடி அதை மட்டும் பதிந்தேன்.
நேற்றைய வாசிப்பில் ஓட்டிப் பார்த்தால்
விசிறி சுத்தமாக இல்லை.
தேவகிருபையின் ழகரமும் பாதி இல்லை.
குமிழைக் கொஞ்சம் குறைத்தேன், இன்னும் கொஞ்சம்.
ழ திரும்பியது, பின்னால் மெல்லிசாகக் காற்றும்.

விடிவதற்குள் அந்த மூன்று வரிக் கோப்பில்
நான்காவதாக ஒன்று எழுதி அனுப்பினேன்,
இருநூற்றுப் பன்னிரண்டைப் பற்றி.
எழுதியவன் பார்ப்பானோ என்னவோ.

ஒன்பது மணிக்கு வந்தவள் வழக்கம்போலக் கேட்டாள்:
'ஃபேன் போடலாமாக்கா?'
ஐந்தில் வை என்றேன்.