இருபது நிமிடம், அசையாமல்

செவ்வாய் இரவுகளில்
துறைமுகத் தொழிலாளர் மன்றத்தின் மூன்றாம் மாடியில்
துணி களைந்து நிற்பது என் உத்தியோகம்.
பகலில் ரியேகா நகரப் பேருந்து ஓட்டுகிறேன்.
அதுவும் ஏறக்குறைய இதே வேலைதான்:
இடம்விட்டு எழாமல் இருப்பேன்,
ஏறுகிறவர்கள் என்னைப் பார்க்காமல் பார்ப்பார்கள்.

நெவென்கா பிராய்டிச் முதல் நாள் சொன்னது இது:
"லிவியோ, அழகாக நிற்காதே.
எடையைக் கீழே இறக்கு. ஓரிடத்தில் இறக்கு."
பத்தொன்பது வருடமாக இறக்கிக்கொண்டிருக்கிறேன்.

கணப்பு ஒரு பக்கம்தான் சுடும்.
இடது விலா வெந்து, வலது விலா விறைத்த உடம்பை
ஒரே கரித்துண்டால் வரைவார்கள்
பல் டாக்டர் மிர்தாவும்
கப்பல் தளத்தில் இரும்பு பற்றவைக்கும் டூயேயும்.
மனைவியைப் புதைத்த வாரத்தில் வந்து சேர்ந்த கணக்கர்
மூன்று மாதம் நான் கழற்றி வைத்த காலணிகளை மட்டும் வரைந்தார்.
நெவென்கா வாயே திறக்கவில்லை.
நாலாம் மாதம் அவர் பின்னால் நின்று
"உள்ளே கால் உண்டு" என்றாள், அவ்வளவுதான்.

திரும்பக் கூடாது என்பது விதி.
அதனால் அவளை நான் காதால்தான் அறிவேன்.
குதி தேய்ந்த இடது செருப்பு,
தாளுக்குத் தாள் நின்று நகரும் மூச்சு,
பிறகு:
"தோளை விடு. தோளுக்கும் சுவருக்கும் நடுவே
காற்று இருக்கிறதே, அதை வரை."
"சரியாக இருக்கிறது. அதுதான் கோளாறு."
"டூயே, இது மனுஷன். வெல்டிங் போடாதே."

கரியை அழிக்க ரொட்டியின் உள்சதை கொண்டுவருவாள்.
மிஞ்சியதை இடைவேளையில் நான் தின்பேன்.

கடைசிப் பத்து நிமிடம்
எல்லாரும் அவரவர் பிழையில் மூழ்கியிருக்கும்போது
மூலையில் ஒரு தாள் புரளும்.
அது அவளுடையது. யாருக்கும் காட்டியதில்லை.
ஒரு சனிக்கிழமை மீன் சந்தை மாடியில் காட்சிக்கு வைத்தாள்.
சவரம் செய்துகொண்டு போனேன்.
நாற்பத்தொரு படம். நாற்பத்தொன்றும் துறைமுகப் பாரந்தூக்கிகள்.
என் மூக்கு நுனிகூட இல்லை.
சீட்டு கிழிப்பவனிடம் எரிந்து விழுந்துவிட்டு
வாசல் வரை வந்தேன்,
எதுவோ உறுத்தத் திரும்பி நடந்தேன்.
மூன்றாவது படத்தில் அந்த இரும்பு ராட்சசன்
இடது இடுப்பை ஒருக்களித்து
எடையை ஒரே காலில் இறக்கியிருந்தான்.
அந்த இடுப்பு எனக்குத் தெரியும்.

போன மாசியில் புரா காற்று அடித்து
பேருந்துகள் நின்றன.
நான் நடந்து வந்தேன். அவளும் வந்திருந்தாள்.
வேறு யாரும் இல்லை.
அரை மணி பார்த்தோம்.
பிறகு கோட்டைக்கூடக் கழற்றாமல் மேடையேறி உட்கார்ந்து
"இருபது நிமிடம். வரை" என்றாள்.

பத்தொன்பது வருடப் பாடம், மனப்பாடம்.
காற்றை வரை. சரியாக வரையாதே.
காதில் காய்த்த சுரைக்காய் கறிக்கு உதவவில்லை.
கை, பேருந்துச் சக்கரத்தைப் பிடிப்பதுபோலக் கரியைப் பிடித்தது.
இவ்வளவு சின்னவளா இவள்?
ஒரு தோள் இறங்கியிருக்கிறதே, எப்போதிருந்து?
முகத்தை விட்டுவிட்டேன்.
அந்தத் தோளையே பிடித்துக்கொண்டு இறங்கினேன்,
பனியில் சரிவிறங்கும்போது
பிரேக்கைத் தொடாமல் இறங்குவதுபோல.

அவள் அசையவில்லை.
அசையாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று
ஒருமுறைகூட என்னைக் கேட்டதில்லை;
அன்று பதினேழாம் நிமிடத்தில் அவள் முழங்கால் நடுங்கியது.
நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.

இறங்கி வந்து தாளின் முன் நின்றாள்.
வெகுநேரம்.
பிறகு பையிலிருந்து ரொட்டியை எடுத்துப் பிய்த்து
பாதியை என்னிடம் நீட்டினாள்.

தின்னவா, அழிக்கவா என்று
சொல்லவில்லை.