பத்தொன்பதாம் கவர்

முதலாம் கவர்: செட்டை ஓரத்து மயிர் நீளமா, குட்டையா?
நீளம். இரண்டுக்குப் போ.
இரண்டு: பாதத்தில் கணு நான்கா, ஐந்தா?
நான்கு. திரும்பவும் எண்ணினேன். நான்குதான்.
இணைக்கவர்ச் சுட்டியில் இப்படியே
கதவு கதவாகத் தள்ளிக்கொண்டு
இரவு ஒன்பது மணிக்குப் பத்தொன்பதில் வந்து நின்றேன்.

பத்தொன்பது கேட்கிறது:
பனி உருகியதும் பிர்ச் இலைகளின் அடியில் பறப்பதா,
அல்லது
கோடை முடிவில் ஊசியிலைக் காட்டுச் சதுப்பில் பறப்பதா?

வெளியே சம்மாந்துறை.
ஒரு சிறகு வளைந்த ஆய்வுகூட மின்விசிறி
கடகடவென்று இரண்டுக்கும் இல்லை என்கிறது.

இது கிடைத்தது தை ஏழாந்தேதி,
மல்வத்தைப் பக்கத்து வட்டையில்,
வெளிச்சப்பொறியின் சட்டிக்குள்.
ஆயிரம் அறக்கொட்டிகளுக்கு நடுவே ஒரு தூசி.
தூசிக்கு உணர்கொம்பு இருந்ததால் மட்டும்
தூரிகை நுனியால் எடுத்தேன்.

முக்கால் மில்லிமீற்றர். பெண்.
அறக்கொட்டியின் முட்டைக்குள்
தன் முட்டையை வைக்கிற வகை.
சாதி தெரிந்துவிட்டது.
இனந்தான் தெரியவில்லை.
எத்தனை படிவங்களில், எத்தனை சாவடிகளில்
யோசிக்காமல் நிரப்பிய கட்டம் அது.
இங்கே பேனை நிற்கிறது.

மிஸ்னூன் அன்றைக்கே கேட்டார்,
வரம்பில் நின்று, காலில் சேறு காய்வதற்குள்:
"இது நல்லதா, கெட்டதா?"
அவருடைய சுட்டியில் ஒரேயொரு கவர்.
நல்லது என்றேன்.
ஒரு கிழமை மருந்தடிக்காமல் இருக்க முடியுமா என்றேன்.
"எத்தனை ஏக்கருக்கு நல்லது?"
அதற்கு என்னிடம் கவர் இல்லை.
அவருக்குப் பன்னிரண்டு ஏக்கர், எல்லாம் குத்தகை.
வியாழன் காலை மருந்து வாசம்
வாய்க்கால் தாண்டி வீதிக்கு வந்தது.
நான் குற்றம் சொல்லவில்லை.
அதன்பின் மூன்று இரவு சட்டியில் தண்ணீர்,
தண்ணீரில் விளக்கு.

படங்களைப் பனி பெய்கிற ஊருக்கு அனுப்பினேன்.
பதில் வரும்போது இங்கே சூடடித்து முடிந்திருந்தது.
"அழகான செட்டை.
எங்கள் சுட்டி உங்கள் ஊருக்கு எழுதியதல்ல, மன்னிக்கவும்.
எங்கள் லாச்சியில் இதைப்போல ஒன்று கிடக்கிறது.
கண்ணாடித் தகட்டில் 'இலங்கை, வைக்கோல்' என்று மட்டும்.
யார் எடுத்தார், எங்கே, எந்த மாதம்,
ஒன்றும் இல்லை.
உங்களுடையது புதிய இனமாக இருக்கலாம்.
ஒற்றைப் பெண்ணை வைத்துப் பெயரிட முடியாது.
ஆண் ஒன்று தேவை."

வீட்டிலும் என்னைப் பற்றி
இதே வசனத்தைத்தான் சொல்லிக்கொள்கிறார்கள்.
சிரித்துவிட்டுக் கோப்பில் வைத்தேன்.

பிறகு நகத்தளவுக் கடதாசி வெட்டி
சிட்டையைப் புதிதாக எழுதினேன்.
மல்வத்தை, மூன்றாம் வாய்க்கால், கிழக்குக் கரை,
வெளிச்சப்பொறி, பெரும்போகம், கதிர் பறியும் பருவம்,
எடுத்தவர் ஆ. மிஸ்னூன்.
என் பெயருக்கு இடம் போதவில்லை.
வைக்கோல் என்று மட்டும் எழுதிவிட்டுப் போனவருக்கு
என்ன அவசரமோ.

ஆனி. சிறுபோகம்.
இரவு பத்தரைக்கு அவருடைய அழைப்பு:
"மிஸ், லாம்ப மாத்தப் போனன்,
கண்ணுக்குள்ள ஒண்டு விழுந்திட்டு.
கசக்கல்ல.
லேஞ்சியில ஒத்தி எடுத்து மடிச்சி வெச்சிருக்கன்.
உங்கட ஆளா இருக்குமோ?"

நீலக் கட்டம் போட்ட லேஞ்சி.
ஒரு கட்டத்தின் மூலையில்
கண்ணீர் காய்ந்த வெள்ளை வளையம்,
வளையத்துக்குள் தூசி.

பெண்ணுக்கு உணர்கொம்பில் ஒன்பது கணு.
ஆணுக்குப் பதின்மூன்று.
நுணுக்குக்காட்டியில் மூச்சை அடக்கி எண்ணுகிறேன்.
எட்டு. ஒன்பது.
பத்து.
பதினொன்றுக்கு அப்பால் கொம்பு மடிந்திருக்கிறதா,
முறிந்திருக்கிறதா,
ஊசியால் தொடப் பயமாயிருக்கிறது.

அதற்குள் சிட்டையை எழுதி வைக்கிறேன்.
மல்வத்தை, மூன்றாம் வாய்க்கால்,
ஆனி, இரவு பத்து மணி சொச்சம்.
எடுத்த இடம்: மிஸ்னூனின் வலக்கண்.