பதினேழு நாள்

விடைத்தாள்கள் பதினான்கு.
பதின்மூன்றில் ஒரே தவறு:
‘அமலோற்பவம் என்பது
இயேசு தகப்பனில்லாமல் கருவானது.’
பதினான்காவது தாளில் டெல்ஃபின்
கேள்வியையே அழகான கையெழுத்தில்
திரும்ப எழுதிக் கொடுத்திருந்தாள்.

கடைசி ரயிலை உறங்க அனுப்பிவிட்டு
நாலு மணி நேரம் நானும் உறங்கி
சீருடைக் கால்சட்டையோடு வந்திருக்கிறேன்.
ஆலயத்தின் பின்கட்டு, மூன்றாம் மாடி.
ஏர்கான் பதினெட்டில் நிற்கிறது; ரிமோட்டைக் காணோம்.
சிவப்புப் பேனாவைத் திறந்தேன், மூடினேன்.
பன்னிரண்டு வயதில் நானும் இதையேதான் எழுதினேன்,
அதுவும்
அமலோற்பவமேரி என்று பெயரை வைத்துக்கொண்டு.

பலகையில் இரண்டு தேதி.
டிசம்பர் எட்டு, திருநாள்.
டிசம்பர் இருபத்தைந்து, சொல்லத் தேவையில்லை.
“நீங்க எழுதினது சரின்னா, நடுவுல எத்தனை நாள்?”
மேசைக்கடியில் விரல்கள் ஓடின.
“பதினேழு.”
“பதினேழு நாள்ல பிள்ளையா?”
வகுப்பு வெடித்துச் சிரித்தது.
“பூனைக்கே அறுபது நாள் ஆகும் டீச்சர்,”
என்றான் ரெமிஜியுஸ்.
அவர்கள் பிளாட்டில் பூனைக்கு
இப்போதுதான் லைசென்ஸ் கிடைத்திருக்கிறது.

“செப்டம்பர் எட்டு யாருக்குப் பிறந்தநாள்?”
“மாதாவுக்கு.”
“ஒன்பது மாசம் பின்னால போங்க.”
போனார்கள்.
ஏர்கானின் சத்தம் மட்டும் கேட்டது.

அன்னம்மாள், சுவக்கீன்.
எல்லோரையும்போல மனைவி, கணவன்,
எல்லோரையும்போல ஓர் இரவு
(இந்த வரியை அவசரமாகக் கடந்தேன்;
அதற்குள் பின்வரிசையில் முழங்கைகள் இடித்துக்கொண்டன).
கருவானது மரியா.
முதல் கணத்திலிருந்தே
சென்மப்பாவம் அண்டாத கரு.
மலம், அழுக்கு. அது இல்லாதது அமலம்.
உற்பவம், உருவாதல்.
என் பெயரைப் பிரித்தாலே பாடம் முடிந்தது.

முடிந்திருக்கவேண்டும்.

“பாவமே இல்லன்னா
அவங்களுக்கு எதுக்கு மீட்பர்?”
டெல்ஃபின்தான்.

இதற்குத் தயாராகவே வந்திருந்தேன்.
நடைமேடையில் நெஞ்சுயரத் தடுப்புக் கதவு
பார்த்திருப்பீர்கள் அல்லவா?
தண்டவாளத்தில் விழுந்தவரைத் தூக்குவதும் காப்பாற்றுவதுதான்.
விழாதபடி முன்னதாகவே கதவு வைப்பதும்
காப்பாற்றுவதுதான்.
மரியாவுக்குக் கதவு.
மகன் பின்னால் சிலுவையில் தரப்போகும் விலையில்
முன்னாலேயே வைத்த கதவு.
தலையசைத்தார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.
பலகையில் கதவை வரையவும் செய்தேன்.

“கதவு எப்ப வெச்சாங்க டீச்சர்?”
“நீங்கல்லாம் பொறக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னால.”
“அதுக்கு முன்னாடி?”

அதற்கு முன்னால் மஞ்சள் கோடு இருந்தது.
மஞ்சள் கோடும் ஒலிபெருக்கியில் ஒரு குரலும்.
நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு
ஒரு நிலையம், பெயர் வேண்டாம்,
ஒரு மழைச் சாயங்காலம்,
யாரோ ஓர் அம்மா. தலைசுற்றல் என்றார்கள் பிறகு.
மேடையில் மிச்சமிருந்தது
ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டு கங்கூங் கீரை.
அதை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கண்காணிப்பு அறைக்கு எடுத்துப் போனேன்.

இதில் ஒரு சொல்லும் நான் சொல்லவில்லை.

“அப்ப அவங்களுக்கு மட்டும் ஏன் முன்னாடியே?”

புத்தகத்தில் பதில் இருக்கிறது.
அவள் தாயாகவேண்டியவள்.
தகுதி பார்த்துத் தந்ததல்ல, கொடை.
படித்துக் காட்டினேன். சரியான பதில்தான்.
டெல்ஃபின் ‘ம்’ என்றாள்,
காலாவதியான டிக்கெட்டை வாங்கிக்கொள்வதுபோல.

பலகையை அழிக்க அவளுக்குத்தான் இந்த வாரம் முறை.
தேதிகளை அழித்தாள்.
கதவை விட்டுவிட்டாள். கை எட்டவில்லையோ என்னவோ.

பதின்மூன்று தாளிலும் திருத்தம் எழுதினேன்.
பதினான்காவதற்கு மதிப்பெண் போடவில்லை.
மூன்று மணிக்கு எனக்கு மறுபடி பணி.
கதவுகள் சரியாக மூடுகின்றனவா
என்று நின்று பார்க்கவேண்டும்.