எங்கே இருக்கீங்க

முதலில் கேட்பது பெயரை அல்ல.
என்ன ஆச்சு என்றும் அல்ல.
எங்கே இருக்கீங்க.
லைன் அறுந்தாலும்
இடம் கையில் இருந்தால் வண்டி போய்விடும்.
பயிற்சியில் இதையே மூன்று நாள் சொன்னார்கள்.
புளியரை எஸ் வளைவைப் பற்றி
ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அங்கே மலைக்கு இரு பக்கமும் டவர்.
மழை கனத்தால் போன் கட்சி மாறும்.
செங்கோட்டைக்காரன் அழுதால் புனலூரில் கேட்கும்.
ஆரியங்காவில் ஒருத்தி
‘ஒண்ணு வேகம் வரணே’ என்றால்
என் காதில்.

மேசைக் கண்ணாடிக்கு அடியில் வரைபடம், அதில் கோடு.
கோட்டுக்கு அந்தப் பக்கம் வெள்ளையாக விட்டிருந்தார்கள்,
உலகம் அங்கே தீர்ந்துவிட்டது போல.
பேனாவால் நாங்களே நிரப்பினோம்.
கழுதுருட்டி. பதின்மூன்று கண் பாலம்.
ரப்பர் ஷீட் காய்கிற மஞ்சள் ஷெட்.
கொச்சுமோள் ஹோட்டல்,
கடை மூடி நாலு வருஷம், பெயர் இன்னும் வேலை செய்கிறது.
அட்சரேகை சொல்லிவிட்டு
யாரும் இதுவரை மயங்கி விழுந்ததில்லை.

நேற்று இரவு இரண்டு பதினேழு.
மூச்சு முன்னால், சொல் பின்னால்.
லாரி. முருங்கைக்காய் லோடு.
மண்மேட்டில் முட்டி நிற்கிறது.
“டிரைவர் அண்ணன் முழிக்க மாட்டேங்காரு.”

எங்கே இருக்கீங்க.
“தெரியலக்கா. நான் தூங்கிட்டு வந்தேன்.”
என்ன தெரியுது?
“மழ தெரியுது.”
வேற?
“ஒரு போர்டு. மலையாளம். படிக்க வராது.”
முதல் எழுத்து எப்படி இருக்கு, பாத்துச் சொல்லு.
“யானை தும்பிக்கையச் சுருட்டினாப்ல.
பக்கத்துல ரெண்டுன்னு நம்பர்.”

ஆ.
ஆரியங்காவு இரண்டு கிலோமீட்டர்.
கோட்டுக்கு அந்தப் பக்கம்.

புனலூர் மேசையில் ஷைனி.
அவள் முகம் எனக்குத் தெரியாது, இருமல் தெரியும்.
அவள் வண்டி வர நாற்பது நிமிடம்.
என்னுடையது புளியரையில், பதினொன்று.
செக்போஸ்ட் தாண்ட அனுமதி வேண்டும்.
அனுமதி தருகிறவர் தூங்கிக்கொண்டிருந்தார்.
எழுப்பினேன். அதற்கு முன்பே
செய்யதலியை வண்டி எடுக்கச் சொல்லிவிட்டேன்.
அறிக்கையில் இந்த வரிசையை மாற்றி எழுதியிருக்கிறேன்.

மூச்சு இருக்கா?
“குறட்ட மாதிரி, எப்பவாச்சும்.”
அது மூச்சு இல்ல. கீழ இறக்கு.
“கனமா இருக்காருக்கா.”
லோடு ஏத்துற பையன் நீ. இறக்கு.

பெயரை அப்போதுதான் கேட்டேன். பூல்பாண்டி.
பத்தொன்பது வயது.
நெஞ்சு நடுவுல ரெண்டு கையும். போனைத் தரையில வை.
ஸ்பீக்கர் போடு. அமுக்கு. நான் எண்ணுறேன்.

ஒண்ணு ரெண்டு மூணு நாலு
அவன் மூக்கு உறிஞ்சும் சத்தம், மழை,
அஞ்சு ஆறு.
ஒயர்லெஸ்ஸில் செய்யதலி வழி கேட்டான்.
திரும்பிப் பேச வேண்டியிருந்தது.
ஏழு என்றேன்.
எட்டு என்றாள் ஷைனி.
ஒம்பது, பத்து.
நான் வளைவுகளைச் சொல்லி முடிக்கும்வரை
எண்ணிக்கை அவளிடம் இருந்தது.
பையன் குரல் மாறியதைக் கவனிக்கவில்லை.
இந்த மலையில் எண்களுக்கு மட்டும்
யாரும் செக்போஸ்ட் போடவில்லை.

பிறகு சைரன், போனுக்குள் மெலிதாக.
பிறகு ஆட்கள், கதவு, “தள்ளு தம்பி.”
லைன் போய்விட்டது.

அதற்கு மேல் எங்களுக்குக் கதை கிடையாது.
திரையில் ஒரு கட்டம்: ஒப்படைக்கப்பட்டது.
அதைத் தொட்டால் அடுத்த அழைப்பு.
பண்பொழியில் சமையலறைக்குள் சாரைப்பாம்பு.
அடுத்தது, தென்காசிக்கு
முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று ஒருவர்.

ஷிப்ட் முடிகையில் செய்யதலி சொன்னான்:
முன் சீட்டில் உட்கார்ந்த பையன்
ஆஸ்பத்திரி வரை எண்ணிக்கொண்டே வந்தானாம்,
அறுநூறைத் தாண்டி, நிறுத்தத் தெரியாமல்.
டிரைவரைப் பற்றி நான் கேட்கவில்லை.
அவனும் சொல்லவில்லை. டீ ஆறிப்போயிருந்தது.

லாரி பாதி ரோட்டை மறிக்கிறது என்று
காலை ஏழு மணிக்குள் ஆறு போன்.
ஆறு பேருக்கும்
இடம் துல்லியமாகத் தெரிந்திருந்தது.